ஹெக்ஸ் டிரைவர்: நாலு சைஸ் போதும், நல்லதாக வாங்குங்கள்

ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள் வழக்கமாக மோட்டார், பேட்டரி, டயர் பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை ஸ்க்ரூ கழற்றுகிற ஆறு பக்க முனைக் கருவியான ஹெக்ஸ் டிரைவரைப் பற்றியே நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஒரு காரைப் பயமில்லாமல் பிரித்து மாட்ட முடிந்தால்தான் அதை வருடக்கணக்கில் ஓட்ட முடியும், அதற்குக் கையில் இருக்கிற டிரைவர் சரியாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: புதிதாக ஒரு 1/10 அளவு பக்கி (மண்ணில் ஓடும் ரிமோட் கார்) வாங்கினேன். கூடவே வந்த எல் கீயை (எல் வடிவில் வளைந்த ஹெக்ஸ் கம்பி) வைத்து நாலைந்து தடவை பிரித்து மாட்டியதுமே பல ஸ்க்ரூக்களின் குழி வட்டமாகிவிட்டது. ஸ்க்ரூ மட்டமா, கீ மட்டமா?

பெரும்பாலும் கீதான். ரெடியாக ஓடும் நிலையில் விற்கிற கார்களில் ஸ்க்ரூவும் கொஞ்சம் மென்மையாக இருப்பதுண்டு, ஆனால் முதலில் மாற்ற வேண்டியது கீ.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 2 மி.மீ. என்று சொல்கிற ஸ்க்ரூவின் குழி உண்மையில் சரியாக 2 மி.மீ. இருக்காது. கீ உள்ளே போக இடம் வேண்டும் என்பதால் தர அளவுப்படி அது 2.02 முதல் 2.08 வரை இருக்கும். அதில் 2.00 அளவுக்கு மிக நெருக்கமாகச் செய்த டிரைவரை விட்டால் கிட்டத்தட்ட ஆட்டமே இல்லாமல் உட்காரும். மட்டமான கீயைக் காலிப்பரில் (தடிமனை நுணுக்கமாக அளக்கிற கருவி) பிடித்துப் பாருங்கள், 1.95, 1.93 என்று காட்டும். நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இடைவெளியில் கீ முதலில் கொஞ்சம் சும்மா சுற்றி, பிறகுதான் குழியின் சுவரில் போய் இடிக்கிறது. இடிக்கும்போது சுவரைத் தொடுவது அதன் ஆறு மூலைகள் மட்டுமே. நீங்கள் கொடுக்கிற முழு விசையும் அந்த ஆறு மெல்லிய கோடுகளில் இறங்குகிறது. ஆட்டம் கூடக்கூட அந்தக் கோடு மூலையின் நுனிக்கே நகர்ந்துவிடும், அப்போது சுவரைச் சீவிவிட்டு நழுவுவது சுலபம். 6 மி.மீ. கீயில் இதே இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, 1.5 மி.மீ. கீயில் அதுவே பெரிய பள்ளம்.

இன்னொன்று, மென்மையான கீயின் மூலைகள் முதல் சில ஸ்க்ரூவிலேயே மழுங்கிவிடும். அதற்கப்புறம் நீங்கள் தொடுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அந்த மழுங்கிய கீ கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டே போகும். உங்கள் காரில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். கெட்ட ஸ்க்ரூக்களை மாற்றுங்கள், அந்தக் கீயை மறுபடி காரில் வைக்காதீர்கள்.

கேள்வி: கடையில் ஒன்பது துண்டு செட், பதின்மூன்று துண்டு செட் என்று வைத்திருக்கிறார்கள். எத்தனை சைஸ் வேண்டும்?

நாலு. 1.5, 2.0, 2.5, 3.0. மி.மீ. அளவு ஸ்க்ரூ உள்ள பெரும்பாலான ஆர்சி (ரிமோட்) கார்களுக்கு இதற்கு மேல் ஹெக்ஸ் தேவைப்படாது. பெரிய செட்டுக்குக் கொடுக்கிற பணத்தை இந்த நாலில் போடுங்கள், நாலும் ஒரே தடவை முடியவில்லை என்றால் 2.0, 1.5 இரண்டையும் முதலில் நல்லதாக வாங்கிவிட்டு மற்ற இரண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் அந்த இரண்டு முதலில் என்றால், ஒரே எம்3 ஸ்க்ரூ (மரையின் விட்டம் 3 மி.மீ.) தலையின் வடிவத்தைப் பொறுத்து வெவ்வேறு சைஸ் கேட்கும். உயரமான உருளைத் தலை உள்ள கேப் ஹெட் எம்3க்கு 2.5. வளைந்த பட்டன் ஹெட் எம்3க்கு 2.0. சாய்வாக உள்ளே இறங்கி மட்டமாக உட்கார்கிற கவுண்டர்சங்க் எம்3க்கும் 2.0. தலையே இல்லாத எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5. இன்றைய பக்கி, டிரக் எதைத் திருப்பிப் பார்த்தாலும் அடித்தட்டு முழுக்கக் கவுண்டர்சங்க், மேலே பெரும்பாலும் பட்டன் ஹெட், ஆக 2.0தான் நாள் முழுக்கக் கையில் இருக்கும். அதோடு பட்டன் ஹெட்டின் குழி ஆழமே சுமார் 1 மி.மீ.தான், கேப் ஹெட் மாதிரி ஆழம் கிடையாது, அதனால் டிரைவர் பிடிப்பதற்கு இருக்கிற சுவர் மிகக் கொஞ்சம். 1.5 மி.மீ.யின் வேலை பினியன் கியர் (மோட்டார் ஷாஃப்டில் இருக்கிற சின்னப் பல் சக்கரம்) கிரப் ஸ்க்ரூ, எம்2 கேப் ஹெட் போன்ற இடங்களில். சைஸ் சின்னது, ஆனால் பினியன் கழலாமல் இருக்க இறுக்கமோ அதிகம் கேட்கும். எனவே முதலில் மழுங்குவதும் இந்த 1.5தான்.

1/8 அளவு கார் வைத்திருந்தால் எம்4 ஸ்க்ரூக்கள் வரும். கேப் ஹெட்டுக்கு 3.0, பட்டன் ஹெட்டுக்கும் கவுண்டர்சங்குக்கும் 2.5, கிரப் ஸ்க்ரூவுக்கு 2.0. பினியனில் எம்5 கிரப் இருந்தால் 2.5.

நட்டுக்குத் தனியாக 5.5, 7 மி.மீ. நட் டிரைவர் இரண்டும் வேண்டும். எம்3 நட்டுக்கு 5.5, 1/10 கார்களின் எம்4 வீல் நட்டுக்கு 7. அது இந்த நாலு கணக்கில் சேராது.

கேள்வி: எஸ்2, குரோம் வனேடியம், எச்எஸ்எஸ், டைட்டானியம் கோட்டிங் என்று பெட்டியில் என்னென்னவோ போட்டிருக்கிறது. எதை நம்புவது?

எஸ்2 என்பது அதிர்ச்சி தாங்குகிற டூல் ஸ்டீல். ஒழுங்காக ஹீட் டிரீட்மெண்ட் செய்தால் ராக்வெல் சி என்ற கடின அளவில் 58, 60 என்று வரும். நல்ல 12.9 தர (மிக வலுவான வகை) ஸ்க்ரூவின் கடினம் 39 முதல் 44தான், ஆக டிரைவர் ஸ்க்ரூவை விடத் தாராளமாகக் கடினம். குரோம் வனேடியம் பொதுவாக அதற்குக் கீழே, பெரிய சைஸ் ஸ்பேனருக்கெல்லாம் அருமையான எஃகு, 1.5 மி.மீ. முனைக்கு எஸ்2 இருந்தால் அதையே எடுங்கள். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) நன்றாகத் தேய்மானம் தாங்கும். டங்ஸ்டன் கார்பைடு முனை எல்லாவற்றையும் விடக் கடினம், ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் வளையாமல் படக்கென்று ஒடியும்.

தங்க நிறத்தில் பளபளப்பது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. பூச்சு மிகக் கடினமானது, அது உண்மை. ஆனால் அது மைக்ரான் கணக்கில் இருக்கிற மெல்லிய தோல். அடியில் இருக்கிற எஃகு மென்மையாக இருந்தால் மூலை அமுங்கும்போது பூச்சும் சேர்ந்து அமுங்கிவிடும். எனவே தங்க நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எஃகு என்ன, முனை அரைத்து முடித்ததா என்று பாருங்கள்.

எஸ்2 என்று பெட்டியில் போட்டிருந்தாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. ஒரே எஃகை ஒருவர் சரியாகச் சூடேற்றிக் குளிர்விப்பார், இன்னொருவர் அவசரமாக முடிப்பார். அதைப் பெட்டியில் எழுத மாட்டார்கள். பெயர் சம்பாதித்த தயாரிப்பாளர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: அப்படியானால் எந்த பிராண்ட்? வாங்கும்போது கையில் எடுத்து எப்படிச் சோதிப்பது?

ஆர்சிக்கென்றே செய்கிறவர்களில் ஸ்லோவாக்கியாவின் ஹூடி, அமெரிக்காவின் எம்ஐபி இரண்டையும் பந்தய மேசைகளில் அதிகம் பார்க்கலாம். ஹூடியில் முனை மழுங்கினால் முனையை மட்டும் மாற்றலாம், கைப்பிடி காலத்துக்கும் இருக்கும். பொதுக் கருவி செய்கிறவர்களில் ஜெர்மனியின் வேரா, வீஹா, சுவிட்சர்லாந்தின் பிபி சுவிஸ், அமெரிக்காவின் பாண்டஸ் இவையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வேராவின் ஹெக்ஸ் பிளஸ் முனை கொஞ்சம் வித்தியாசமானது. விசை மூலைக்குப் போகாமல் சுவரின் தட்டையான பகுதியில் விழும்படி வடிவம் கொடுத்திருப்பார்கள், அதனால் ஏற்கெனவே லேசாகக் கெட்ட ஸ்க்ரூவைக்கூடச் சில நேரம் பிடித்துவிடும்.

இவற்றில் எது சிறந்தது என்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை. மட்டமான செட்டிலிருந்து இவற்றில் எதற்கு மாறினாலும் வித்தியாசம் கையில் உடனே தெரியும். இவற்றுக்குள் மாறினால் தெரிகிற வித்தியாசம் பெரும்பாலும் கைப்பிடியில்தான்.

கையில் சோதிக்கிற விதம். ஒரு புதிய, நல்ல தர ஸ்க்ரூவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், 2.0க்கு ஒரு எம்3 பட்டன் ஹெட், 1.5க்கு ஒரு எம்3 கிரப். டிரைவரைக் குழியில் விட்டு, ஸ்க்ரூவை விரலால் பிடித்துக்கொண்டு இடவலமாக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். சும்மா சுற்றுகிற தூரம் எவ்வளவு என்று விரலுக்கே தெரியும். நல்ல டிரைவரில் அது இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு இருக்கும். சில நேரம் ஸ்க்ரூவைக் கையில் பிடிக்காமலே டிரைவரைப் படுக்கையாகப் பிடித்தால் காந்தம் இல்லாமலே ஸ்க்ரூ முனையில் நிற்கும். அடுத்து முனையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆறு மூலைகளும் நுனி வரை கூர்மையாக, கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டும். மூலை ஓரத்தில் வெள்ளையாக மினுக்கினால் அங்கே உருண்டிருக்கிறது என்று அர்த்தம். நுனி தட்டையாக அரைத்திருக்க வேண்டும், நுனியில் சரிவு அதிகம் கொடுத்திருந்தால் ஆழமில்லாத பட்டன் ஹெட்டில் அந்தச் சரிவு அளவுக்குப் பிடிப்பு போய்விடும். காலிப்பர் இருந்தால் எதிரெதிர்ப் பக்கங்களை மூன்று ஜோடியும் அளந்து பாருங்கள், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கைப்பிடி பற்றி ஒரே வார்த்தை. 1.5க்கு மிகத் தடித்த கைப்பிடி வேண்டாம், கை அறியாமலே அதிக விசை கொடுத்துவிடும். தலைப்பக்கம் சுழலுகிற மூடி இருந்தால் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே விரலால் சுற்றலாம், அது மிகவும் உதவும்.

கேள்வி: பால் எண்ட் (பந்து முனை) டிரைவர் வாங்கினால் சாய்த்துப் பிடித்தும் சுற்றலாம் என்கிறார்கள். எல்லாமே பால் எண்டாக வாங்கிவிடலாமா?

வேண்டாம். ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், 2.0 போதும். பந்து முனையில் கழுத்து ஒடுங்கியிருப்பதால் 25 டிகிரி அளவுக்குச் சாய்த்துச் சுற்ற முடியும், ஷாக் டவருக்கு (ஷாக் அப்சார்பர் மாட்டுகிற தட்டு) பின்னால், மோட்டார் மவுண்ட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிற ஸ்க்ரூவுக்கு அதை விட்டால் வேறு வழியே இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் பந்து சுவரைத் தொடுவது மிகக் குறைந்த இடத்தில். இறுகியிருக்கிற ஸ்க்ரூவை முதலில் விடுவிப்பதற்கும், கடைசியாக இறுக்குவதற்கும் அதைப் பயன்படுத்தினால் ஸ்க்ரூ கெடும், அல்லது கழுத்து ஒடிந்து பந்து குழிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுப்பது பெரிய தொல்லை. நேர் முனையால் விடுவித்து, நடுவில் சுற்றுவதற்கு மட்டும் பால் எண்ட்.

கேள்வி: நண்பரிடம் பழைய அமெரிக்க கார் ஒன்று வாங்கினேன். என் டிரைவர் எதுவும் சரியாக உட்காரவில்லை. 2.5 உள்ளே போகவில்லை, 2.0 ஆடுகிறது.

உங்கள் காரில் இருப்பது இஞ்ச் ஸ்க்ரூ. அமெரிக்க கம்பெனிகளின் பழைய மாடல்கள் பலவற்றில் 4-40 என்ற இஞ்ச் அளவு மரைதான் வரும். கேப் ஹெட் என்றால் 3/32 இஞ்ச், அதாவது 2.38 மி.மீ. பட்டன் ஹெட் என்றால் 1/16, அதாவது 1.59 மி.மீ. கிரப் ஸ்க்ரூவுக்கு 0.050 இஞ்ச், 1.27 மி.மீ. 6-32 கேப் ஹெட் இருந்தால் 7/64, 2.78 மி.மீ. 5/64 மட்டும் 1.98 மி.மீ. என்பதால் 2.0க்குப் பதில் சமாளிக்கும், மற்ற எதையும் மாற்றி விடாதீர்கள். 1/16 குழியில் 1.5 உள்ளே போய்விடும், போவதுதான் ஆபத்து, ஒரே திருகில் குழி வட்டமாகிவிடும். இஞ்ச் டிரைவர்களைத் தனி நிறக் கைப்பிடியில் வாங்குங்கள், அல்லது கைப்பிடியில் ஒரு டேப் சுற்றி வையுங்கள். இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால் ஒருநாள் நிச்சயம் மாறிப்போகும்.

மரையும் வேறு என்பதால் இஞ்ச் ஸ்க்ரூ தொலைந்த இடத்தில் எம்3 போட்டு முறுக்கவும் கூடாது.

கேள்வி: பினியன் கிரப் ஸ்க்ரூ முழுக்க வட்டமாகிவிட்டது. மோட்டார் புதுசு, பினியனைக் கழற்றியே ஆக வேண்டும். என்ன செய்யலாம்?

பதற்றப்படாமல் வரிசையாகப் போங்கள். முதலில் ஒரு ஊசியாலோ கூர்மையான குச்சியாலோ குழிக்குள் இருக்கிற மண்ணைச் சுரண்டி எடுங்கள். மண் அடைத்திருந்தால் டிரைவர் பாதி ஆழம்தான் இறங்கும், முழுக்க வட்டமானது போலத் தோன்றுகிற ஸ்க்ரூ சுத்தம் செய்ததும் அடியில் கொஞ்சம் நல்ல சுவரோடு இருப்பது உண்டு. புதிய முனை உள்ள நல்ல 1.5 இருந்தால் அப்போதே ஒரு முறை முயன்று பாருங்கள்.

அடுத்தது சூடு. பினியனில் பெரும்பாலும் நீல நிற திரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கிற பசை) போட்டிருப்பார்கள், 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் அது பிடியை விட்டுவிடும். சால்டரிங் அயர்ன் நுனியைக் கிரப் ஸ்க்ரூவின் மேலேயே சிறிது நேரம் வைத்து அழுத்துங்கள், சூடு ஆறுவதற்குள் கழற்றப் பாருங்கள். தீயைக் காட்டாதீர்கள். மோட்டாருக்குள் இருக்கிற காந்தத்துக்கும் பேரிங்கில் இருக்கிற கிரீஸுக்கும் அதிகச் சூடு ஆகாது.

அதிலும் வரவில்லை என்றால் டார்க்ஸ் முனை. நட்சத்திர வடிவ முனையில் குழியை விட ஒரு பொடி பெரிதாக இருப்பதை எடுத்து, சின்னச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்க வேண்டும். 1.5 குழிக்கு டி7, 2.0க்கு டி9 அல்லது டி10, 2.5க்கு டி15. தட்டும்போது பினியனுக்கு அடியில் ஒரு இரும்புக் கட்டையையோ வைஸையோ முட்டுக்கொடுங்கள், இது முக்கியம், இல்லாவிட்டால் அடி முழுக்க மோட்டார் ஷாஃப்டிலும் பேரிங்கிலும் போய் விழும். நட்சத்திரத்தின் பற்கள் சுவரில் புதிதாக வெட்டிக்கொண்டு இறங்கும், பிறகு மெதுவாக, அழுத்திக்கொண்டே திருப்புங்கள்.

கடைசி வழி, சின்னக் கட்டிங் சக்கரத்தால் பினியனையே கிரப் இருக்கிற பக்கம் வெட்டிவிடுவது. பினியன் போனால் போகட்டும், மோட்டாரைக் காப்பாற்றுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், இரும்புத் தூள் மோட்டாருக்குள் போகாமல் டேப் ஒட்டி மூடுங்கள்.

புதிய கிரப் 12.9 தரத்தில் கறுப்பு எஃகாக வாங்குங்கள், ஸ்டெயின்லெஸ் வேண்டாம், அது மென்மை. ஷாஃப்டையும் மரையையும் ஆல்கஹாலால் துடைத்து, ஷாஃப்டின் தட்டைப் பகுதிக்கு நேராக கிரப் வரும்படி வைத்து, நீல திரெட்லாக் ஒரு பொட்டு மட்டும் போடுங்கள். குழிக்குள் திரெட்லாக் போகக் கூடாது, காய்ந்தால் அடுத்த முறை டிரைவர் இறங்காது.

கேள்வி: மழுங்கிய முனையை அரைத்துச் சரி செய்யலாமா?

தண்டு முழுவதும் ஆறு பக்கமாக இருக்கிற டிரைவர் என்றால் தாராளமாகச் செய்யலாம். மழுங்கியது நுனியில் 1, 2 மி.மீ. தான், அதை நேர் செங்குத்தாக அரைத்து எடுத்துவிட்டால் அடியில் புதிய மூலைகள் கிடைக்கும். கிரைண்டரில் தொட்டுத் தொட்டு எடுங்கள், ஒவ்வொரு தொடுகைக்கும் தண்ணீரில் நனையுங்கள். நுனி நீலமாக மாறினால் எஃகின் கடினம் போய்விட்டது, அந்த இடத்தையும் அரைத்து எடுக்க வேண்டியதுதான். பால் எண்டில் இந்த வேலை நடக்காது. கார்பைடு முனைக்குச் சாதாரண கிரைண்டர் கல்லும் போதாது.

கேள்வி: எலெக்ட்ரிக் ஸ்க்ரூ டிரைவர் வைக்கலாமா?

கழற்ற வைக்கலாம். மாட்டும்போது கிளட்சை (விசையை மட்டுப்படுத்துகிற வளையம்) குறைந்த எண்ணில் வைத்து, ஸ்க்ரூ உட்காரும் வரை மட்டும் ஓட்டி, கடைசித் திருகைக் கையால் கொடுங்கள். பிளாஸ்டிக்கில் வேகமாக ஓட்டினால் சூட்டில் மரை உருகும்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கார் அசெம்பிள் செய்யும் கிட் வாங்கித் தரப்போகிறேன். நல்ல டிரைவர் இப்போதே வேண்டுமா, பழகிய பிறகு வாங்கினால் போதாதா? எனக்கு இந்தக் கருவிகள் பற்றி ஒன்றும் தெரியாது.

இப்போதே வாங்கிக் கொடுங்கள் அம்மா. பழகுகிற பிள்ளைக்குத்தான் நல்ல கருவி அதிகம் தேவை. மட்டமான கீ நழுவி ஸ்க்ரூ கெட்டால் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துவிடுவான். கிட் பெட்டியின் மேலேயோ கையேட்டின் முதல் பக்கத்திலோ என்ன கருவி வேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள், அதைக் கடையில் காட்டுங்கள். ஜப்பானிய கம்பெனியான தமியாவின் கிட் என்றால் பல ஸ்க்ரூக்கள் கூட்டல் குறித் தலை உள்ளவை, அவை ஜப்பானிய ஜிஸ் அளவு, அதற்கு ஜிஸ் என்று குறிப்பிட்ட ஸ்க்ரூ டிரைவர்தான் சரியாக உட்காரும், சாதாரண பிலிப்ஸ் மேலே ஏறி நழுவும். ஹெக்ஸ் கிட் என்றால் 1.5, 2.0 இரண்டு போதும், தேவைப்பட்டால் 2.5.

அவனுக்கு இரண்டு பழக்கத்தை மட்டும் முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். டிரைவரை ஸ்க்ரூவுக்கு நேராக வைத்து, அடி தொடும் வரை அழுத்திய பிறகே திருப்ப வேண்டும். அப்புறம், ஏற்கெனவே மரை விழுந்த பிளாஸ்டிக் துளையில் மறுபடி ஸ்க்ரூ போடும்போது முதலில் இடது பக்கமாக மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் ஸ்க்ரூ சின்னதாக டக்கென்று இறங்கும், அங்கிருந்து வலது பக்கம் திருப்பினால் பழைய மரையிலேயே போய் உட்காரும்.